பச்சையா, பசையா? வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்தப் பொருளை எடுப்பது

கடையில் மூங்கில் தரைப்பலகையின் மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மேலே ஒரு பச்சை இலை அச்சிட்டிருக்கும். மூங்கில் புல் வகை, நான்கைந்து ஆண்டில் முற்றிவிடும், வெட்டினாலும் அதே கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும் என்று விற்பவர் சொல்வார். அத்தனையும் உண்மை. அந்தத் துண்டைக் கொஞ்சம் திருப்பி, நறுக்கிய பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை. அது என்ன பசை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

வீட்டைப் புதுப்பிக்க இறங்கியபோது எனக்கு முதலில் உறைத்தது இதுதான். இயற்கைப் பொருள் என்று நான் ஆசைப்பட்டவற்றில் பாதிக்கு மேல், வில்லங்கம் அந்தப் பொருளில் இல்லை. அதை ஒட்டிவைத்ததில் இருந்தது. பசை இரண்டு இடத்தில் வேலையைக் காட்டுகிறது. புழங்கும் காலத்தில் வீட்டுக் காற்றில் கலக்கிறது. கழற்றும் நாளில் பொருளைப் பிரிக்க விடாமல் செய்து, நல்ல மரத்தையும் நல்ல கல்லையும் குப்பையாக்குகிறது. அதனால் எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழகினேன்: இதை எது ஒட்டிவைத்திருக்கிறது? ஒருநாள் இதை உடையாமல் கழற்ற முடியுமா? இந்த இரண்டை வைத்தே பெரும்பாலான தேர்வுகளை முடித்துவிடலாம். முடியாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

எதை இடிக்காமல் விடலாம்

பொருள் வாங்கும் பேச்சுக்கு முன்னால் இன்னொரு தேர்வு இருக்கிறது: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? சுவரிலும் தரையிலும் ஏற்கெனவே இருப்பதைச் சுட்டதும் அறுத்ததும் ஏற்றிவந்ததும் என்றோ முடிந்துபோன செலவு. அதை உடைத்துக் கொட்டிவிட்டு அதே இடத்தில் பசுமை முத்திரை குத்திய புதுப் பொருளை வைத்தால், அந்தச் செலவைப் பூமி இன்னொரு முறை செய்கிறது.

மொசைக் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து போட்டுத் தேய்த்த தரை அது. மங்கிவிட்டால் இயந்திரம் வைத்து மேல்தோலைத் தேய்த்து மெருகேற்றினால் புதிதாகிவிடும். பல முறை செய்யலாம். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மூடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கெட்டி மரப்பலகைத் தரையும் அப்படித்தான். 20 மில்லிமீட்டர் பலகையில் மேலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வரை தேய்க்க இடமிருக்கும். ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. சமையலறை அலமாரிகளில் பெட்டி உறுதியாக இருந்தால் கதவுகளையும் கீல்களையும் மாற்றினாலே போதும். கீல் மட்டும் மாற்றியதிலேயே எங்கள் வீட்டில் பாதிக் குறை தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடென்றால், இடிப்பதற்கு முன்னால் எது இடிபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-ல்தான் தடைசெய்தார்கள். பல நாடுகளில் அதற்குப் பிறகும் விற்றது. பழைய பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும், குழந்தைகளுக்கு அது விஷம். பழைய கூரைத் தகடுகள், சில பழைய வினைல் தரை ஓடுகள் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அந்த ஓடுகளை ஒட்டிய கருப்புப் பசையிலும்கூட இருக்கலாம். சுரண்டாமல் அப்படியே விட்டு மேலே மூடுவதுதான் பல நேரம் சரியான முடிவு. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தரை

தரையில்தான் தேர்வுகள் அதிகம், குழப்பமும் அதிகம்.

மூங்கிலிலிருந்தே தொடங்கலாம். பட்டைகளை ஒட்டிச் செய்யும் வகை ஒன்று. நாராகக் கிழித்து, பசையில் தோய்த்து, பெரும் அழுத்தத்தில் கட்டியாக்கும் வகை இன்னொன்று. இரண்டாவது வகை பல கெட்டி மரங்களைவிடக் கடினமானது, தேய்மானம் குறைவு. ஆனால் பசையும் அதில்தான் அதிகம். மூங்கில் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. பசை எந்த வகை, அதிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் என்ற நச்சு வாயுவின் அளவு என்ன என்று தாளில் எழுதிக் கொடுக்கும் நிறுவனமா என்பதே முக்கியம். கொடுத்தால் வாங்கலாம். இலைப் படத்தை மட்டும் காட்டினால் வேண்டாம்.

தக்கை எனக்குப் பிடித்த பொருள், அதனால் கொஞ்சம் சார்பாகவே பேசுவேன். அது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை. நட்டு 25 ஆண்டு கழித்து முதல் உரிப்பு, அதன்பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. புட்டி மூடிக்கு ஆகாத பட்டையும் மூடி வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகளும்தான் பொடியாகித் தரையாகின்றன. காலுக்கு மெத்தென்றிருக்கும், சத்தத்தை விழுங்கும். கனமான மேசைக் கால் பட்டால் பள்ளம் விழும், வெயில் நேராகப் படும் இடத்தில் வெளுக்கும். இங்கேயும் பசைக் கேள்வி உண்டு. தரைத் தக்கையில் பொடியைப் பிணைக்கப் பெரும்பாலும் பாலியூரித்தேன் சேர்க்கிறார்கள். ஆனால் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பாக வரும் கருந்தக்கைப் பலகையில் வெளியிலிருந்து ஒரு சொட்டுப் பசையும் கிடையாது. நீராவியில் சுட்டால் தக்கைக்குள்ளேயே இருக்கும் பிசின் கசிந்து தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

லினோலியம் என்றாலே பலர் வினைல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பிறப்பே வேறு. ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860-களில் காப்புரிமை பெற்ற பொருள் லினோலியம். காற்றில் கெட்டிப்பட்ட ஆளிவிதை எண்ணெய், மரப்பிசின், தக்கைப் பொடி, மரத்தூள், சுண்ணாம்புக்கல் பொடி ஆகியவற்றைக் கலந்து சணல் துணிமேல் அழுத்தியது. எண்ணெயும் பிசினும்தான் இங்கே பசை. ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது ஆண்டு போகும். புதிதில் ஆளி எண்ணெய் வாடை சில வாரம் இருக்கும். காரம் அதிகமுள்ள சோப்பைப் போட்டுக் கழுவினால் கெட்டுப்போகும். விரிப்பாக வரும் வகையைத் தரையோடு ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பது ஒரு குறை. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கொக்கிப் பூட்டுப் பலகையாக வரும் வகையில் அது இல்லை.

வினைல் என்பது பி.வி.சி. அந்த நெகிழியின் எடையில் 57 சதவீதம் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் சேரும். வளைந்து கொடுக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சிலவற்றைப் பல நாடுகள் கட்டுப்படுத்திவிட்டன. தண்ணீருக்கு அஞ்சாது, விலை குறைவு, ஒரே நாளில் போட்டுவிடலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் பல அடுக்காக உருகி ஒட்டியிருப்பதால் கழற்றியபின் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. என் பட்டியலில் கடைசி இடம் இதற்கு.

பீங்கான் டைல்ஸ், கல் இரண்டும் எங்கே நிற்கின்றன? டைல்ஸ் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து வருகிறது, எரிபொருள் நிறையக் குடிக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டு கிடக்கும், காற்றில் எதையும் விடாது. கல்லுக்குச் சூளை வேண்டாம், அறுத்து மெருகேற்றினால் போதும். அதற்குப் பதில் பாரம். கப்பலில் கடல் கடந்து வருவதைவிடத் துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் தூரம் அதிகப் புகையைக் கக்கலாம். எடைக்கும் தூரத்துக்கும் கணக்குப் போட்டால் லாரி கப்பலைவிடப் பல மடங்கு மோசம். ஆகவே கல் எடுப்பதென்றால் பக்கத்தில் வெட்டுவதை எடுங்கள். இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒட்டும் முறை. சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்கலாம். பாலிமர் கலந்த இன்றைய பசைமேல் ஒட்டிய டைல்ஸ் துண்டு துண்டாகத்தான் வரும்.

அப்புறம் முடிவு என்ன என்றால், ஈரம் படாத அறைகளில் கெட்டி மரமோ கொக்கிப் பூட்டுத் தக்கையோ முதலில், லினோலியம் அடுத்து. குளியலறையில் டைல்ஸ் அல்லது கல், மறுபேச்சில்லை. மரப்பலகையில் பொறியியல் மரம் என்று விற்கும், அடிப்பலகைமேல் நல்ல மரத்தை ஒட்டிய வகையை எடுத்தால் மேல் மர அடுக்கின் தடிமனைக் கேளுங்கள். 4 மில்லிமீட்டர் என்றால் ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். அரை மில்லிமீட்டர் என்றால் முதல் கீறலோடு அதன் ஆயுள் முடிந்தது.

பலகைகள்: இங்கேதான் மூக்கு வேண்டும்

அலமாரி, கட்டில், கதவு என்று வீட்டுக்குள் நுழையும் பசையில் பெரும்பங்கு பலகைகளின் வழியே வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எம்.டி.எஃப். எனப்படும், மரநாரைப் பசையோடு அழுத்திய பலகையில் செய்த புத்தக அலமாரி ஒன்றைச் சின்ன அறையில் வைத்தேன். மறுசுழற்சி மரநாரில் செய்தது என்று சொன்னார்கள், அதில் பொய் இல்லை. கோடையில் அறையைச் சாத்திவைத்துவிட்டுத் திறந்தால் கண் எரிந்தது. இரண்டு மாதம் அதை வெளியே வைத்துக் காற்றாட விட்டோம், புத்தகமெல்லாம் தரையில்.

கண் எரிச்சலுக்குக் காரணம் யூரியா-ஃபார்மால்டிஹைட். மலிவான பலகைகளில் வழக்கமான பசை. அது முழுவதும் இறுகி அடங்கிவிடும் பசை இல்லை. ஈரமும் சூடும் பட்டால் மெல்ல மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வெப்பமும் புழுக்கமும் உள்ள வீட்டில் அதே பலகை அதிகமாக மணக்கும். அந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் சேர்த்தது. அறைக் காற்றில் அரை மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2010-ல் கொடுத்த வழிகாட்டி அளவு.

இதற்கு மாற்றாக ஃபீனால்-ஃபார்மால்டிஹைட் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். அது இறுகியபின் கெட்டியாக நிற்கும், தண்ணீருக்கும் சிதையாது. வெளியே விடுவது மிகக் குறைவு. நீர் தாங்கும் பிளைவுட்டின் ஓரத்தில் பசைக்கோடு கரும்பழுப்பாகத் தெரிகிறதே, பெரும்பாலும் அது இந்தப் பசைதான். ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பலகைகளும் வருகின்றன, ஐசோசயனேட் அல்லது சோயாப் புரதப் பசையில் ஒட்டியவை. இறுகிய ஐசோசயனேட் பலகை வீட்டில் சாதுவாக இருக்கும். இறுகும் முன் அதைக் கையாளும் தொழிலாளிக்கு நுரையீரல் ஆபத்து உண்டு. பசையே சேர்க்காமல் பலகை செய்ய முடியாதா என்றால், முடியும். வில்லியம் மேசன் என்ற அமெரிக்கர் 1924-ல் கண்டுபிடித்த கெட்டி நார்ப்பலகையில் மரத்திலேயே உள்ள லிக்னின்தான் பசை. மெல்லிய பலகையாக மட்டுமே வரும், அலமாரியின் முதுகுக்கு ஏற்றது.

வாங்கும்போது கேட்க வேண்டிய குறி என்ன? ஐரோப்பிய E1 என்றால் சோதனைப் பெட்டிக் காற்றில் கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்குள். அதை ஏறத்தாழ பாதியாக, 0.062 ஆகக் குறைக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றி, 2026 ஆகஸ்டிலிருந்து அமலாகும் என்று தேதி குறித்தது. கலிஃபோர்னியாவின் இரண்டாம் கட்ட விதி கெட்டிமர பிளைவுட்டுக்கு 0.05 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு), மரச்சில்லை ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.-க்கு 0.11 என்று பிரித்துச் சொல்கிறது. எண்களைக் கவனித்தால் எந்தப் பலகையில் பசை அதிகம் என்பதும் புரியும். எந்தக் குறியும் இல்லாத பலகை, எவ்வளவு மறுசுழற்சி மரத்தில் செய்திருந்தாலும், படுக்கையறைக்கு வேண்டாம்.

எளிய சோதனை ஒன்று. பலகைத் துண்டை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு ஒரு நாள் வெயிலில் வையுங்கள். திறந்து மோந்து பாருங்கள். மூக்கைத் துளைத்தால் வாங்காதீர்கள். வாடை இல்லையென்றால் நல்லது என்று சான்று கொடுத்துவிட முடியாது, ஆனால் கெட்டதைக் கழிக்க மூக்கு போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், வெட்டிய ஓரங்களையும் துளைகளையும் விட்டுவைக்காமல் மூடிப் பூசச் சொல்லுங்கள். வாயு அதிகமாகக் கசிவது மூடாத ஓரங்களில்தான்.

கெட்டி மரத்துக்கு இந்தத் தலைவலி இல்லை, வேறு தலைவலி உண்டு: காடு. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம், ஏற்கெனவே முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டியைத் தவிர, 2017 முதல் அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கண்டம் தாண்டி வந்த அழகான மரத்தைவிட, பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரம் நல்ல தேர்வு. எப்படியும் அதை வெட்டித்தான் தீர வேண்டும், முன்பெல்லாம் விறகாகப் போனது. போரான் உப்பில் பதப்படுத்தாவிட்டால் பூச்சி விழும், அதைக் கேட்டு வாங்குங்கள். இதையும்விட மேல், இடித்த கட்டடத்துப் பழைய மரம். ஆணி பிடுங்க வேண்டும், தச்சர் முணுமுணுப்பார், ஆனால் உலர வேண்டியதெல்லாம் உலர்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்த மரம் அது. ஒரு கிலோ உலர்ந்த மரத்துக்குள் ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவுக்கான கரி அடைபட்டிருக்கிறது. அதை எரிக்காமல் இன்னொரு தலைமுறை வைத்துக்கொள்வதே பெரிய காரியம்.

எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 1993-ல் தொடங்கிய நல்ல ஏற்பாடு. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அந்தக் காட்டை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதற்கு அது பதில் சொல்லும். பசையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு சான்றும் தனித்தனி, இரண்டையும் கேட்க வேண்டும்.

சமையல் மேடை பற்றிச் சுருக்கமாக. குவார்ட்ஸ் என்ற பெயரில் வரும் செயற்கைக் கல், படிகச் சிலிக்காத் தூளைப் பிசினில் குழைத்து இறுக்கியது. பெரும்பாலான வகைகளில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தொடும். நம் வீட்டில் அது எதுவும் செய்யாது. அறுக்கும் இளைஞர்களின் நுரையீரல் போகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குள் அறுப்பவரின் மூச்சையும் சேர்ப்பவன் நான். பிசின் இல்லாத இயற்கைக் கல்லோ கெட்டி மரமோ எடுங்கள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எதை அறுத்தாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

சுவரும் பெயின்டும்

சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுடுகிறார்கள். வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லே உடைந்து விடுவது. உலகக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டின் கணக்கில் போகிறது. சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். சுவரில் பூசியபின் இறுகும்போது, கல் விட்ட வாயுவில் பெரும்பகுதியை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். விறகோ நிலக்கரியோ விட்டது திரும்பாது. களிமண் பூச்சுக்குச் சூளையே வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் நனைத்துச் சுரண்டி, அதே மண்ணை மறுபடி பூசலாம். அறையின் ஈரத்தை வாங்கிக் கொடுக்கும். தண்ணீர் தெறிக்கும் சுவருக்கு மட்டும் ஆகாது.

ஆனாலும் உறுதியாக நிற்கும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது வீண். புதுச் சுவரோ, காரை பெயர்ந்த சுவரோ என்றால் யோசியுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்டும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் பூசுவதுதான் நான் பார்த்தவற்றுள் மோசமான தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும்.

எமல்ஷன் பெயின்ட் என்பதே நிறம் கலந்த பசைதான், அக்ரிலிக் நெகிழியின் மெல்லிய தோல். அதில் நாம் பார்க்க வேண்டியது வி.ஓ.சி. எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களின் அளவு. ஐரோப்பிய விதிப்படி உள்சுவர் மங்கல் பெயின்டில் 2010 முதல் லிட்டருக்கு 30 கிராம்தான் உச்சம். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் கரைப்பான் எனாமலுக்கு 300 கிராம். ஆகவே சுவருக்கு எந்தப் பெயின்ட் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு, கதவுக்குக் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு எனாமலை வாங்குவது தலைகீழ் வேலை. நீரில் கரையும் எனாமல் கிடைக்கிறது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கும். இன்னொன்று, அடர்நிறம் கலக்கும் சாயக் குழம்பிலும் வி.ஓ.சி. இருக்கலாம். டப்பாவில் எழுதியிருப்பது அடிப்படைப் பெயின்டின் அளவாகவே இருக்கும்.

சிலிக்கேட் பெயின்ட் அதிகம் பேசப்படாத ஒரு தேர்வு. ஜெர்மனியில் அடால்ஃப் கைம் 1878-ல் காப்புரிமை பெற்றது. பொட்டாசியம் சிலிக்கேட் சுவரின் கனிமத்தோடு வேதிவினை புரிந்து கல்லாகவே ஆகிவிடுகிறது. தோலாக உரியாது, சுவரின் ஈரத்தை அடைக்காது. நல்ல பசை என்றால் எனக்கு இதுதான். ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த சுவரில் பிடிக்காது, சுண்ணாம்பு, சிமென்ட், கல் ஆகியவற்றின்மேல் மட்டும். சுண்ணாம்படித்தலும் இதே குடும்பம்தான், ஆண்டுக்கணக்கில் நிற்காது என்பதைத் தவிர.

என் விதி எங்கே உடைகிறது

வெப்பத்தடுப்பில் உடைகிறது. செய்தித்தாள் கூழ், மரநார், கருந்தக்கை எல்லாம் பசை குறைவானவை அல்லது இல்லாதவை. செய்தித்தாள் கூழில் தீக்கும் பூச்சிக்கும் போரான் உப்பு சேர்த்து அடைப்பார்கள், ஒட்டுவதே கிடையாது. இவற்றின் வெப்பக் கடத்துமை 0.04 அளவில் இருக்கும், பாலியூரித்தேன் நுரைக்கு 0.025. அதாவது நுரையில் 10 சென்டிமீட்டர் செய்யும் வேலைக்கு மரநாரில் 16 வேண்டும். கூரைக்கடியில் இடமிருந்தால் மரநாரே போடுங்கள். இடமில்லாத மொட்டைமாடியிலும், மண்ணோடு ஒட்டிய சுவரிலும், நீர் புகும் இடத்திலும் நுரைதான் நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டு மின்சாரம் மிச்சமாவது உற்பத்திக் கேட்டை மிஞ்சிவிடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்த வாயுவால் ஊதியது என்பது. எக்ஸ்.பி.எஸ். எனப்படும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகள் சிலவற்றை ஊதப் பயன்பட்ட எச்.எஃப்.சி.-134ஏ வாயு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1300 மடங்கு பூமியைச் சூடாக்கும். கரியமில வாயுவாலேயே ஊதிய பலகையும் விற்கிறது.

குளியலறையிலும் உடைகிறது. அங்கே நீர்க்காப்புப் பூச்சையும் பசையையும் குறைத்துச் சிக்கனம் பார்த்தால் ஐந்து ஆண்டில் எல்லாவற்றையும் உடைக்க வேண்டிவரும். அந்த ஓர் அறையில் பசை தாராளமாக இருக்கட்டும்.

ஜன்னலுக்குப் பசைக் கேள்வியே பொருந்தாது. பழைய மரச்சட்டத்தைச் சீர்செய்து உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்துவது முதல் தேர்வு. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மரம், அல்லது மறுசுழற்சி அலுமினியம். பழைய அலுமினியத்தை உருக்கத் தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே போதும், ஆனால் எத்தனை சதவீதம் பழையது என்று எழுதி வாங்குங்கள்.

முத்திரைகளுக்கு ஒரு சொல். நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் இலைக்கும் வெளியார் சோதித்துக் கொடுக்கும் முத்திரைக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். ஜெர்மனியின் நீலத் தேவதை முத்திரை 1978-லிருந்து இருக்கிறது, வீட்டுக்குள் வெளியேறும் வாயுக்களையும் பார்க்கும். ஈ.பி.டி. என்ற, ஒரு பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் அறிக்கை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது, எண்களை மட்டும் கொடுக்கும். அதில் எத்தனை ஆண்டு ஆயுள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 15 ஆண்டுப் பொருளையும் 50 ஆண்டுப் பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யக் காசு போதாதென்றால், குழந்தை இருக்கும் வீட்டில் பலகைக்கும் படுக்கையறைப் பெயின்டுக்கும் முதலில் செலவழியுங்கள். நான்கைந்து ஆண்டில் வீடு மாறுவீர்களென்றால் எதையும் ஒட்டாதீர்கள். திருகாணியும் கொக்கிப் பூட்டும் போதும், கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். இருபது ஆண்டு இருக்கப்போகிறீர்களென்றால் தரையில் செலவழிப்பது வீண்போகாது.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வைத்தேன்: தரைத் தக்கையின் பெயர், பெயின்டின் எண், பலகையின் பசை வகை, எந்தத் திருகாணியைக் கழற்றினால் எது பிரியும், எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது. பின்னால் இதைப் பிரிக்க வருகிறவருக்கு உதவும். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் அந்தத் தாளை வைத்து, நான்கு மூலையிலும் சின்ன ஆணி அடித்துவிட்டேன்.